தூங்கி எழுந்தால் நெட் வராத கணினி

அசெம்பிள் செய்த மேசைக் கணினியின் வேகத்தைப் பற்றிப் பேச இப்போது அதிகம் இல்லை. ராமேஸ்வரத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் கணினியும் அப்படித்தான். ஆறு கோர் பிராசசர், 16 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி, 2.5 கிகாபிட் லேன். ஆல்பம் டிசைனுக்கும் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கும் தாராளம். அதே விலைக்குக் கிடைக்கும் பிராண்டட் பெட்டியில் இவ்வளவு நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்காது. குறை ஒன்றே ஒன்று, அது ஸ்லீப். ராத்திரி தூங்கப்போட்டால் தானாக எழுந்து ஓடுகிறது. காலையில் எழுப்பினால் நெட் வருவதில்லை.

பிராண்டட் கணினியில் பயாஸ், டிரைவர், லேன் சிப் மூன்றையும் ஒரே நிறுவனம் சேர்த்து வைத்துச் சோதித்த பிறகே விற்கிறது. சென்னை ரிச்சி தெருவிலோ மதுரையிலோ பாகம் பாகமாக வாங்கிப் பூட்டும் கணினியில் அந்தச் சோதனை வாங்கியவர் தலையில் விழுகிறது. ஒவ்வொரு பாகமும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். சேர்ந்து தூங்கி, சேர்ந்து எழுவதில்தான் கோளாறு.

ஸ்லீப் என்பது முழு ஓய்வு அல்ல. எஸ்3 எனப்படும் அந்த நிலையில் பிராசசரும் விசிறிகளும் நின்றுவிடும். ரேமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதைத் தருவது எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன். லேன் சிப்பும் அதே லைனில்தான் பாதி விழித்திருக்கிறது. நெட்வொர்க் வழியாக யாராவது எழுப்பினால் எழ வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எழுப்புவதற்கென்று மேஜிக் பாக்கெட் என்ற ஒரு செய்தி உண்டு: முதலில் எஃப்எஃப் என்ற பைட் 6 முறை, அதன்பின் அந்தக் கணினியின் மேக் முகவரி 16 முறை, மொத்தம் 102 பைட்.

தானாக எழும் சிக்கலுக்குப் பெரும்பாலும் இந்த ஏற்பாடே காரணம். லேன் கார்டு மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டும் அல்லாமல், ரவுட்டர் சாதாரணமாக அனுப்பும் விசாரிப்புகளுக்கும் எழும்படி பல டிரைவர்களில் அமைத்திருக்கும். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோட்டுடன் லாஸ்ட்வேக் என்று சேர்த்தால் கடைசியாக எழுப்பியது எது என்று விண்டோஸ் சொல்லும். அதே இடத்தில் வேக்டைமர்ஸ் என்று போட்டால், அப்டேட் போன்ற வேலைகள் வைத்திருக்கும் அலாரங்கள் தெரியும். ஸ்டுடியோ கணினியில் எழுப்பியது லேன் கார்டு. டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டும் எழலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

காலையில் நெட் வராத சிக்கல் இதைவிடப் பிடிவாதமானது. கணினி எழுகிறது, திரை வருகிறது, லேன் போர்ட்டின் விளக்கு மட்டும் எரிவதில்லை. ரீஸ்டார்ட் செய்தாலும் பலன் இல்லாமல் போவதுதான் பயனரைக் குழப்பும். காரணம், ரீஸ்டார்ட் செய்யும்போதும் ஷட்டவுன் செய்யும்போதும்கூட அந்த 5 வோல்ட் நிற்பதில்லை. மாட்டிக்கொண்ட லேன் சிப் மாட்டிக்கொண்டபடியே இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்து, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்தபின் போட்டால் நெட் வந்துவிடும். வந்தால் கோளாறு டிரைவரிலோ பயாஸிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பயாஸும் லேன் டிரைவரும் ஏற்றுவது முதல் வேலை. பிறகு, மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுப்பது, எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை நிறுத்துவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துவது. இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமலே போகும்.

இதுவரை சொன்னது கோயம்புத்தூரில் உள்ள கணினிக்கும் பொருந்தும். ராமேஸ்வரத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. மேலே சொன்ன எல்லாம் செய்தபின்னும் இந்தக் கணினி சில நாட்களில் எழுந்ததும் 1000க்குப் பதில் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றது. கிகாபிட் வேகத்துக்கு லேன் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 வேகத்துக்குத் தேவைப்படாத இரண்டு ஜோடிகளில் ஒன்று தொடர்பு விட்டாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடும். ஆர்ஜே-45 முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விடை தெரிந்தது: எட்டுத் தகடுகளில் இரண்டின் ஓரத்தில் பச்சை படிந்திருந்தது. மலிவான முனைகளில் தங்கப்பூச்சு மிக மெல்லியது; அதன் நுண்துளைகள் வழியே உப்பு உள்ளிருக்கும் செம்பை அடைகிறது.

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பகுதி அரிப்புக்குப் பெயர்போனது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோகங்களைக் காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டதும் அதனால்தான். மதர்போர்டுக்கு அப்படி ஒரு கவசமும் இல்லை.

ஸ்லீப் இங்கே தனித் தீங்காவது எப்படி என்று விளங்கிக்கொள்வது முக்கியம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை இழுத்துக் கரைசலாகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். பகலில் விசிறிகள் உப்புக் காற்றை உள்ளே இழுத்துப் போர்டில் படியவைக்கின்றன. ஆனால் கணினி ஓடும்போது உள்ளே சூடு இருப்பதால் அந்தப் படிவு காய்ந்தே இருக்கும். ராத்திரி ஸ்லீப்பில் பெட்டி ஆறிவிடுகிறது, படிவு நனைகிறது, ஆனால் 5 வோல்ட் மட்டும் நிற்கவில்லை. ஈரம், உப்பு, மின்னழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அரிப்பு வேகமாக நடக்கும். உலோக அயனிகள் ஒரு கால் முனையிலிருந்து அடுத்த கால் முனைக்கு நகரவும் தொடங்கும். ஓடும் கணினிக்கு ஈரம் இல்லை. சுவிட்ச் அணைத்த கணினிக்கு மின்னழுத்தம் இல்லை. தூங்கும் கணினிக்கு இரண்டும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது இன்னும் மோசம்.

ஆகவே இந்தக் கரையில் ஸ்லீப்பைப் பகல் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரிக்கு ஹைபர்னேட். திறந்திருக்கும் வேலை எஸ்எஸ்டியில் பதிந்துவிடும், சுவர் சுவிட்சையே அணைத்துவிடலாம். காலையில் எழ ஸ்லீப்பைவிடச் சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். ஸ்டுடியோ கணினியில் ஹைபர்னேட்டுக்கு மாறிய பிறகு நெட் காணாமல் போவதும் நின்றது. தினமும் 5 வோல்ட் அறுந்து லேன் சிப் புதிதாகத் தொடங்குவதே காரணம்.

கரண்ட் கட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஸ்லீப்பில் உள்ள கணினி சில வாட் மட்டுமே இழுப்பதால், லோடு இல்லை என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்ளும் யூபிஎஸ்கள் உண்டு. அப்போது ரேமில் இருந்த வேலை போய்விடும். பகலில் ஸ்லீப் போடுபவர்கள் பவர் ஆப்ஷனில் ஹைபிரிட் ஸ்லீப்பை இயக்கி வைத்தால் எஸ்எஸ்டியில் ஒரு நகல் இருக்கும்.

ரேம் காலைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கத்தைச் சர்வீஸ் கடைகள் விடவேண்டும். உப்பைத் தடுக்கும் தங்கப்பூச்சையே அது தேய்த்து எடுக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். லேன் கேபிளில் அலுமினியத்துக்குச் செம்பு பூசியதைத் தவிர்த்து முழுச் செம்பு கேட் 6 வாங்க வேண்டும். முனைகளைக் கெட்டியான தங்கப்பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். விலை வித்தியாசம் பெரிதல்ல.

கணினி என்ற அளவில் இதைத் தயங்காமல் வாங்கலாம். பில் போடும் முன், மதர்போர்டில் துருவோ உப்புப் படிவோ தெரிந்தால் வாரன்டி செல்லுமா என்று கடைக்காரரிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.