1975ல் ஒரு ஸ்விட்ச்: 'தி லிமிட்ஸ் டு க்ரோத்' பற்றி

மக்கள்தொகை, பூமியின் எல்லை என்று பேச்சு வந்தாலே யாராவது இந்தப் புத்தகத்தை இழுத்துவிடுவார்கள். 1972ல் வந்தது. கிளப் ஆஃப் ரோம் கேட்டுக்கொண்டதன் பேரில் எம்ஐடியில் டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ், யோர்கன் ராண்டர்ஸ், வில்லியம் பெஹ்ரன்ஸ் என்ற நான்கு பேர் எழுதியது. திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதைப் படித்ததில்லை என்பது என் சந்தேகம். புகழ்கிறவர்களும் அப்படித்தான்.

வழக்கமான திட்டு இது: "1992க்குள்ள பெட்ரோல் தீர்ந்துடும்னு சொன்னாங்க, தீரலையே!" புத்தகத்தில் இருக்கும் ஒரு அட்டவணையிலிருந்து வந்த கணக்கு இது. பெட்ரோலியத்துக்கு அதில் மூன்று எண்கள். அன்று எடுத்த அளவிலேயே எடுத்தால் 31 வருடம் வரும். பயன்பாடு வருடா வருடம் கூடிக்கொண்டே போனால் 20. தெரிந்த இருப்பு ஐந்து மடங்காகவே இருந்தாலும் 50தான். நடு எண்ணை மட்டும் உருவி 1972ஓடு கூட்டிவிட்டார்கள். இருப்பை ஐந்து மடங்காக்கினாலும் காலம் ஐந்து மடங்காவதில்லை, கூட்டுவட்டி அதைத் தின்றுவிடும் என்று காட்டத்தான் அந்த அட்டவணை. மாடலுக்குள் இந்த எண்களே கிடையாது. அங்கே எல்லா கனிமங்களும் ஒரே தொட்டி, 1970ன் பயன்பாட்டில் 250 வருடத்துக்கு வரும் அளவு.

மாடலின் பெயர் வேர்ல்ட்3. டைனமோ என்ற மொழியில் எழுதியது. இன்று பைத்தானில் கிடைக்கிறது, லேப்டாப்பில் சில நொடிகளில் 1900லிருந்து 2100 வரை ஓடிவிடும். வளங்களை இரண்டு மடங்காக்கி ஓட்டிப் பாருங்கள். வளம் தீர்ந்து விழுவதற்குப் பதிலாக மாசு கூடி விழும். ஏன் எப்படியும் விழுகிறது? தாமதம். சர்வர் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான வியாதி. பத்து நிமிடப் பழைய லோட் எண்ணைப் பார்த்து மெஷின்களைக் கூட்டுகிற ஆட்டோஸ்கேலிங் எப்போதும் தேவைக்கு மேலே ஏறி, பிறகு தேவைக்குக் கீழே இறங்கும். பூமியின் விஷயத்தில் அந்தத் தாமதம் சில பத்தாண்டுகள். புத்தகத்தின் உண்மையான வாதம் இதுதான், இது இன்னும் உடையவில்லை. 2000ல் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 380 பங்கு இருக்கும் என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். வந்தது சுமார் 370. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

பொருளாதார நிபுணர்களின் புகார் வேறு. இதற்கு முந்தைய ஃபாரஸ்டரின் மாடலை 1973ல் வில்லியம் நார்ட்ஹாஸ் கிழித்தார்: விலை எங்கே, தொழில்நுட்ப வளர்ச்சி எங்கே என்று. செம்புக்கும் தகரத்துக்கும் அது சரி. ஜூலியன் சைமனோடு ஐந்து உலோகங்களின் விலை மேல் பந்தயம் கட்டிய பால் எர்லிக் 1990ல் தோற்று செக் அனுப்பினார். ஆனால் காற்றில் போய் சேரும் புகைக்கு எந்தச் சந்தை விலை சொல்கிறது?

என் புகார் மக்கள்தொகைப் பகுதியில். ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தை என்பதை வேர்ல்ட்3 தீர்மானிக்கும் கம்பிகளில் ஆயுட்காலம், மருத்துவச் செலவு எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலான கம்பிகள் சுற்றிச் சுற்றிப் போய் முடிவது தலைக்கு எவ்வளவு தொழில் உற்பத்தி என்ற ஒரே எண்ணில்தான். பணக்காரர் ஆனால் குழந்தை குறையும், அதுவும் மெதுவாக. பெண்களின் படிப்புக்கென்று தனியாக ஒரு மாறி இல்லை. பங்களாதேஷ் இந்த வயரிங்கையே கேள்வி கேட்டுவிட்டது. 1970களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஏழை நெருங்கிய சராசரி, 1990களின் நடுவிலேயே ஏறக்குறைய பாதி. அப்போதும் அது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. வீடு வீடாகப் போன பெண் சுகாதார ஊழியர்களும், பிழைத்த குழந்தைகளும், பள்ளிக்கூடம் போன பெண் பிள்ளைகளும் செய்த வேலை. தமிழ்நாடும் பணம் பெருகும் வரை காத்திருக்கவில்லை, 1990களிலேயே இரண்டு குழந்தையை ஒட்டி வந்துவிட்டது.

உலகம் முழுக்க ஒரே சராசரி என்பதும் இதே குறைதான். ஒரு அமெரிக்கர் வருடத்துக்கு விடும் கார்பன் டை ஆக்சைடு ஒரு இந்தியர் விடுவதைப்போல் ஏழு மடங்குக்கு அருகில். இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கிற 'மனிதர்' எங்கேயும் வசிக்கவில்லை. அந்த மனிதரை வைத்து மாடல் ஓட்டினால், யார் குறைக்க வேண்டும் என்ற கேள்வியே எழாது. எத்தனை பேர் என்பது மட்டும்தான் மிஞ்சும்.

அங்கேதான் ஸ்விட்ச் வருகிறது. சரிவைத் தடுக்கும் ஓட்டங்களில் ஒன்றில், 1975ல் பிறப்பு விகிதம் இறப்பு விகிதத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. கோடில் பார்த்தால் ஒரு வரி. நிஜத்தில் இப்படித் திடீரென்று செய்ய முடியும் என்று நினைக்கவில்லை என ஆசிரியர்களே சொல்லிவிடுகிறார்கள், அது நேர்மை. ஆனால் அதே 1975ல் இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தது. இந்தப் புத்தகத்தால் அது நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஜனத்தொகை என்றாலே குண்டு வெடிக்கப்போகிறது என்கிற பயம் அன்றைய காற்றிலேயே இருந்தது, அரசு அந்த ஸ்விட்சில் நேரடியாகக் கை வைத்தது. 1976-77ல் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள், பெரும்பாலும் ஆண்களுக்கு. இத்தனை பேரைக் கொண்டுவரவில்லை என்றால் சம்பளம் கிடையாது என்று பள்ளி ஆசிரியர்களுக்கு இலக்கு வைத்தார்கள்.

இதற்கு ஒரு ஃபீட்பேக் லூப் இருந்தது, மாடலில் இல்லாத லூப். 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். திட்டத்தின் பெயரில் 'குடும்பக் கட்டுப்பாடு' போய் 'குடும்ப நலம்' வந்தது. அதற்குப் பிறகு ஆண் கருத்தடையை வலியுறுத்த எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை. சுமை அப்படியே பெண்கள் மேல் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம்.