முப்பது செக்கன் விளம்பரமும் இரண்டு உரைகளும்

தேர்தல் மேடைப் பேச்சுகளை இலக்கியப் பிரதிகளாக எடுத்து வாசிப்பது நம்மிடையே அவ்வளவாக வழக்கமில்லை. ஆனால், நன்கு எழுதப்பட்ட ஓர் அரசியல் உரையில் சொல்லப்பட்டவை மட்டுமல்ல, சொல்லாமல் விடப்பட்டவையும் பேசும். அமெரிக்கத் தேர்தல் களத்தில் மதத்தை மையமாகக் கொண்டு நிகழ்த்தப்பட்ட இரண்டு உரைகளையும் ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தையும் இங்கு அவ்வாறுதான் வாசிக்க விரும்புகிறேன்.

முதலாவது, ஜோன் எஃப். கென்னடி 1960 செப்டெம்பர் 12ஆம் திகதி டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் புரட்டஸ்தாந்து மதகுருமார் முன்னிலையில் ஆற்றிய உரை. கத்தோலிக்கர் ஒருவர் ஜனாதிபதியானால் வத்திக்கானின் சொற்படி நடப்பார் என்ற பயம் அன்று பரவலாக இருந்தது. தன் திருச்சபையைப் புகழ்ந்து அந்தப் பயத்தைப் போக்க அவர் முயலவில்லை. அரசும் திருச்சபையும் முற்றாகப் பிரிந்திருக்க வேண்டும் என்றார். தான் கத்தோலிக்க வேட்பாளரல்ல, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர். கத்தோலிக்கராகவும் இருக்கிறேன், அவ்வளவே என்றார். மனச்சாட்சியும் தேச நலனும் மோதுகின்ற நிலை வந்தால் பதவி விலகுவேன் என்றும் சொன்னார். இவற்றை விட என்னைக் கவர்ந்தது, பலரும் கவனிக்காமல் கடந்து போகும் ஒரு சிறு இடம். விரும்பிய ஆலயத்துக்குப் போகும் உரிமையைச் சொல்லும்போது போகாதிருக்கும் உரிமையையும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்கிறார். அந்தச் சிறு சேர்ப்பில் நாத்திகனுக்கும் ஒரு பாய் விரிக்கப்பட்டிருக்கிறது.

அதே டெக்ஸாஸில் 2007 டிசெம்பர் 6ஆம் திகதி மிட் றொம்னி பேசினார். அவர் மோர்மன் சபையைச் சேர்ந்தவர். கென்னடிக்கு இருந்த இக்கட்டுத்தான் அவருக்கும். உரையில் கென்னடியை நினைவூட்டுகிறார். தன் சபையின் பெயரையோ ஒரேயொரு தடவைதான் உச்சரிக்கிறார். கத்தோலிக்கரின் பூசை, யூதரின் தொன்மையான மரபு என்று ஒவ்வொரு மதத்திலும் தனக்குப் பிடித்ததை அடுக்கிக்கொண்டு வருபவர், அடிக்கடி தொழுகின்ற முஸ்லிம்களின் பற்றுறுதியையும் அந்த வரிசையில் வைக்கிறார். நம்மவர்களுக்கு இது இனிக்கும். ஆனால், சுதந்திரத்துக்கு மதம் தேவை, மதத்துக்குச் சுதந்திரம் தேவை என்ற கருத்தும் அதே உரையில்தான் வருகிறது. பிற்பாதியை ஏற்றுக்கொள்கிறேன். முற்பாதியோ மதமில்லாதவனைச் சுதந்திரத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. போதாததற்கு, மதச்சார்பின்மையையே ஒரு புதிய மதமென்று சாடுகிறார். கென்னடி மதிலொன்றைக் கட்டினார். றொம்னி பந்தலைப் பெரிதாக்கினார். பந்தலுக்குள் இடம் கிடைத்தவர் அதைப் போட்டவரின் தயவில் இருக்கிறார் என்பதைச் சிறுபான்மையினருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்த விளம்பரம். 2008 ஒக்டோபர் இறுதியில், வடகரோலினா மாநிலத்தின் செனட் தேர்தலில், குடியரசுக் கட்சியின் எலிசபெத் டோல் தன்னை எதிர்த்து நின்ற கே ஹேகனைத் தாக்கி வெளியிட்டது. நாத்திகர் அரசியல் அமைப்பொன்றின் ஆலோசகர் வீட்டில் நடந்த நிதி சேகரிப்பில் ஹேகன் கலந்துகொண்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. முடிவில் ஹேகனின் முகம் திரையில் தெரிய, கடவுள் இல்லையென்று ஒரு பெண்குரல் ஒலிக்கிறது. அது ஹேகனின் குரலல்ல. முகமும் உண்மை, குரலும் ஒரு பெண்ணின் குரல். இரண்டையும் ஒட்டிய இடத்தில்தான் பொய் இருக்கிறது. படத்தொகுப்பு தெரிந்த எவனோ செய்த வேலை!

ஹேகன் மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தார். தான் பிரெஸ்பிட்டேரியன் ஆலயத்தின் மூப்பர், ஞாயிறு பாடசாலையில் கற்பித்தவர் என்று பதில் விளம்பரம் செய்தார். நவம்பரில் வெற்றியும் பெற்றார். டோல் செய்தது அநியாயம், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் ஹேகனின் மறுப்பையும் ஒரு பிரதியாக வாசிக்கத்தானே வேண்டும்? நாத்திகர் எனப்படுவது மானத்தைக் கெடுக்கும் வசை என்பதில் தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒன்றுபட்டு நிற்கிறார்கள். பதவிக்கு மதச் சோதனை கூடாதென்று அமெரிக்க அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை சொல்கிறது. கடவுள் நம்பிக்கையைப் பிரகடனம் செய்ய மறுத்த ஒருவருக்கு மேரிலாந்து மாநிலம் நொத்தாரிசு பதவியை மறுத்தபோது, அது செல்லாதென்று உச்ச நீதிமன்றம் 1961இல் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், எல்லாம்வல்ல இறைவனை மறுப்பவர் பதவி வகிக்கத் தகுதியற்றவர் என்ற வாசகம் வடகரோலினாவின் மாநில யாப்பில் எழுத்தளவில் இருந்துவந்தது. சட்டத்தில் வலுவிழந்த அந்த வாசகத்துக்கு விளம்பரம் வேறொரு வழியில் வேலை கொடுத்தது.

அதே 2008 ஒக்டோபரில், 19ஆம் திகதி, ஒபாமா முஸ்லிம் என்று பரப்பப்பட்ட கதைக்குக் கொலின் பவல் தொலைக்காட்சியில் பதிலளித்தார். அவர் கிறிஸ்தவர் என்று முதலில் திருத்தினார். பிறகு, முஸ்லிமாக இருந்தால்தான் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக நாம் அவரைக் கொண்டாடினோம், கொண்டாடியது சரிதான். ஹேகனின் விடயத்தில் அதே கேள்வியை ஹேகன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தோற்றிருப்பார் என்பார்கள். இருக்கலாம். 2012இல் கலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், தம் கட்சி நிறுத்தினால் முஸ்லிம் ஒருவருக்கு வாக்களிப்போம் என்றோர் 58 வீதம். நாத்திகருக்கு 54 வீதம். பட்டியலின் அடியில் நாமும் அவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். இறைமறுப்பாளரின் வாதங்கள் எனக்கு உடன்பாடானவையல்ல. அது வேறு விடயம்.

கென்னடி விரித்த பாயில் காங்கிரஸ் உறுப்பினரொருவர் வந்து அமர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. கலிபோர்னியாவின் பீட் ஸ்டார்க் 2007இல் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையென்று வெளிப்படையாக அறிவித்தார். 2008இலும் 2010இலும் மீண்டும் தெரிவானார். ஆனால் அது சான் பிரான்சிஸ்கோவை அண்டிய தொகுதி. ஹேகன் நின்ற வடகரோலினா அல்ல.