மூத்தம்மாவிடம் கேட்கப்படாத கேள்வி

எமது சிறுகதைகளில் ஒரு பயணம் திரும்பத் திரும்ப வருகின்றது. கொழும்பிலோ கட்டாரிலோ தொழில் பார்க்கும் இளைஞன் விடுமுறைக்கு ஊர் வருகிறான். மூத்தம்மாவைப் பார்க்கப் போகிறான். அவள் வெற்றிலை இடித்தபடி பழைய காலத்தைச் சொல்கிறாள். கடைசியில், அரபு நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்த மூதாதை ஒருவர் கதைக்குள் இறங்குகிறார். பேரனின் கண் கலங்குகிறது, கதையும் முடிந்துவிடுகிறது.

இவற்றை மோசமான கதைகள் என்று ஒதுக்க நான் முற்படவில்லை. சிலவற்றின் பேச்சுமொழிக்காகவே அவற்றை இரண்டாம் முறையும் வாசிக்கலாம். ஆயினும், அங்கு பேசுவது மூத்தம்மாதானா, அல்லது பேரன் எங்கோ வாசித்துவிட்டு வந்த சரித்திரத்தை அவளுடைய வாயில் வைத்துத் திருப்பிக் கேட்கிறானா என்ற ஐயம் எனக்குண்டு.

இந்தக் கதையமைப்புக்கு வயது அதிகம். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகக் கொள்ளப்படும் சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885), குழந்தைப் பருவத்தில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டவன் வாலிபனாகித் தன் குலத்தைக் கண்டடையும் கதைதான். கண்டியிலே பிறந்தவர் எழுதிய அந்நாவலில் குலம் இருப்பதோ எகிப்தில்! மூன்று வருடங்கள் கழித்து, 1888இல், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன். இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தில் கட்டுரை படித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனி ஆசனம் கிடைத்தது 1889இல் என்பதை நினைவிற் கொண்டால், அன்று அந்த வாதத்தின் அவசியம் விளங்கும். அங்கு எடை பெற்றது வாப்பா வழி. அதில் குற்றம் காண்பதற்கில்லை. அன்றைய அரசியல் வாதம் ஒன்று இன்றைய சிறுகதையின் மூத்தம்மா வாயில் அப்படியே வந்து அமர்ந்திருப்பதுதான் இடறுகிறது.

ஏனெனில் கிழக்கின் மூத்தம்மாவுக்குத் தெரிந்த சரித்திரம் வேறு. அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் பேசுவதில்லை. பள்ளிவாசல் மரைக்காயர்மார் குடிகளின் சார்பில் வந்தவர்கள். வீடோ மகளுக்குச் சீதனம். மகளுக்குக் கலியாணமானால் பெற்றோர் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீட்டுக்கு மாறுவார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடும் போகும். மூன்று பெண்மக்களைப் பெற்றவள் மூன்று வீடுகளிலிருந்து இறங்கியிருப்பாள். ஆனால் எமது கதைகளில் அவள் பெரிய பழைய வீடொன்றின் நடுவிறாந்தையில், எங்கிருந்தும் எழுந்து போகாதவளாக அமர்ந்திருக்கிறாள். இது இந்தியத் தொடர்நாடகங்களிலிருந்து வந்த வீடோ என்று எண்ணத் தோன்றுகிறது. வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக் குசினிக்குப் போனவளிடம், ‘இந்த வீட்டை ஆர் கட்டின, ஆருக்குக் குடுத்தீங்க?’ என்று ஒரு பேரன் கேட்டிருந்தால் அங்கே வேறொரு கதை கிடைத்திருக்கும். காணி, சகோதரிகளிடையே நேர்ந்த மனக்கசப்பு, கடன், எந்த மருமகன் யாருக்காகத் தொழிலை விட்டான் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன.

வடக்கு முஸ்லிம்களின் எழுத்தில் நிலைமை சற்று வேறு. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்தில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குச் சோனகதெரு கேள்வி ஞானம் மாத்திரமே. ஆகவே மரக்கல மூதாதைக்கு அங்கு இடமில்லை. கிணறு, மதில், அடுத்த வீட்டுத் தமிழ்ப் பெண், பூட்டிவிட்டு வந்த திறப்பு என்று கதை பொருட்களைப் பற்றிக்கொள்கிறது. இதுவே அவற்றின் பலம். எனினும் இடிந்த சுவரைத் தொட்டு அழுததோடு பல கதைகள் திரும்பிவிடுகின்றன. அந்த வீடு யாருடைய சீதனம், உறுதி யாருடைய பேரில் இருந்தது, அகதி முகாமில் கலியாணமான மகளுக்கு எதைக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் போகிற பேத்தியை நான் இன்னும் சந்திக்கவில்லை. கொடுப்பதற்கு வீடில்லாத ஓர் உம்மாவின் அவமானம் எழுதப்படாமலே கிடக்கிறது.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கரையோரத்தைத் துடைத்த பிறகும் இதுவே நடந்தது. கிழக்கில் பெண்ணின் பேரில் இருந்த வளவுகளுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட புதிய வீடுகள் பல, ‘குடும்பத் தலைவர்’ என்ற ஒரு சொல்லினால் ஆணின் பேருக்குப் போயின. பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. எமது புனைகதைக்கோ அது செய்தியாகக்கூட எட்டியதாகத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக உம்மாவிடமிருந்து மகளுக்குப் போன ஒன்று ஒரு படிவத்தில் திசைமாறியது. இதைவிடப் பெரிய குடும்பச் சரித்திரம் எந்த மரக்கலத்தில் வந்தது?

1990இல் நாற்பது வயதாயிருந்த பெண் இன்று எழுபதைத் தாண்டிவிட்டாள். சீதன உறுதியில் எழுதப்பட்ட தென்னைகளின் தொகையை அவள் மனப்பாடமாக வைத்திருக்கக்கூடும். எமது எழுத்தாளர் அடுத்த பெருநாளுக்கு அவளிடம் போகும்போது, மரக்கலத்தைப் பற்றிய கேள்வியை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.