பலகைக்காக உயரும் சாலைகள்

இருக்கும் நெடுஞ்சாலையை இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலை) தரத்துக்கு உயர்த்துவது சிக்கனம் என்று அமெரிக்க மாநிலங்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. அந்தத் தரத்தின் உயிர் 12 அடித் தடத்திலோ 10 அடி ஓரத்திலோ இல்லை. சாலைக்குக் குறுக்கே எதுவும் வரக்கூடாது என்ற நிபந்தனையில் இருக்கிறது. பழைய சாலை அந்த நிபந்தனைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறதோ அதைப் பொறுத்ததே செலவு. ஐ-69 என்ற இன்டர்ஸ்டேட் இரண்டு விதத்தையும் காட்டுகிறது. கென்டக்கியில் அது பழைய பார்க்வேக்களின் மேலேயே ஓடுகிறது. சுங்கச்சாலைகளாகக் கட்டப்பட்டதால் அவற்றில் நாற்சந்திகளே இல்லை. சுங்கச்சாவடியைச் சுற்றி வளைத்த நெருக்கமான சந்திப்புகளைத் திருத்துவதுதான் பெரிய வேலை. ஐ-69 ஆக மாற்றப்பட்ட இண்டியானாவின் மாநிலச் சாலை 37 அப்படியல்ல. சிக்னல்களும் ஊர்ச்சாலைகளும் கடைவாசல்களும் அதில் நேராக வந்து சேர்ந்தன. அவற்றை மூடி, மேம்பாலமும் அணுகுசாலையும் கட்டி, நிலம் வாங்க வேண்டியிருந்தது. மார்ட்டின்ஸ்வில்லிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை, 2024-இல் முழுமையாகத் திறந்த ஏறக்குறைய 26 மைலுக்கு ஆன செலவு சுமார் 200 கோடி டாலர். வாசற்படியை மட்டும் விட்டு வீட்டை இடித்துக் கட்டுவதை யாரும் பழுதுபார்ப்பு என்பதில்லை.

ஆனாலும் புதுத்தடத்தைவிடப் பழைய சாலையை உயர்த்துவது மேல் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. இவான்ஸ்வில்லுக்கும் புளூமிங்டனுக்கும் இடையே ஐ-69 காட்டையும் வயலையும் பிளந்துகொண்டு போனது. யு.எஸ். 41 சாலையை உயர்த்தி ஐ-70-உடன் இணைத்தால் போதாதா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டது அதனால்தான். ஆனால் அதிலும் குறுக்குச் சாலைகள் உண்டு. அந்த வேலையும் மலிவாக முடிந்திருக்காது. இன்டர்ஸ்டேட் பலகை வந்தால் தொழிற்சாலை வரும் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. கென்டக்கியில் பார்க்வே ஐ-69 ஆன அன்று எந்த லாரியும் முன்னதாகப் போய்ச் சேரவில்லை. வந்த முதலீடு பக்கத்து மாவட்டத்திலிருந்து நகர்ந்ததா என்றும் யாராவது கேட்க வேண்டும். பாதுகாப்பு வாதம் மட்டும் உறுதியானது: நாற்சந்தி போனால் பக்கவாட்டில் மோதும் கொடிய விபத்தும் போகும். ஆனால் அதற்கு இன்டர்ஸ்டேட் ஒன்றே வழியல்ல. வட கரோலினாவும் மேரிலாந்தும் நேராகக் கடப்பதைத் தடுத்து, வலப்புறம் திரும்பிச் சற்றுத் தள்ளி யூ-திருப்பம் எடுக்கவைக்கும் சந்திப்புகளை அமைத்திருக்கின்றன. மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் அது சிறு பங்கு. குறுக்குச் சாலையை மூடுவதைவிட, மறுபுறத்து வயலுக்கு டிராக்டர் ஓட்டுபவருக்கும் சுற்று குறைவு. நெரிசல் மிகுந்த இண்டியானாபொலிஸ் புறநகரில் இது தாங்காது. அங்கே முழுத்தரம் நியாயமே. வண்டிகள் குறைந்த ஊர்ப்புறத்தில் மேம்பாலம் கேட்கும் மாநிலம், யூ-திருப்பம் ஏன் போதாது என்பதை முதலில் கணக்கோடு சொல்லட்டும்.