ஆசைக்கு ஏன் ஒரு சாக்கு?

மலாக்காவின் அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டக் கதைகளில் இரவில் தனியாக நடமாடும் பெண் என்றால், அவள் செத்துப்போனவளாகத்தான் இருப்பாள். பூவாசம் வரும், கூந்தல் அவிழ்ந்திருக்கும், கால் தரையில் பாவாது. உயிருள்ள பெண்ணுக்கு அந்த நேரத்தில் வெளியே என்ன வேலை என்பதுதான் கதை சொல்லாமல் சொல்வது. ஆனால் அதே தோட்டங்களில் பெண்கள் விடியுமுன்பே எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைந்தார்கள். அதே இருட்டு, அதே காடு. துரையின் ரப்பருக்காக நடந்தால் அவள் தொழிலாளி. தன் விருப்பத்துக்காக நடந்தால் மோகினி.

நகர மிகுபுனைவு என்பது பேயும் யட்சியும் ஓநாய் மனிதரும் இன்றைய நகரத்துக்குள், அடுக்குமாடிக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே வாழ்வதாகச் சொல்லும் கதைவகை. கடந்த முப்பது ஆண்டுகளாக அதன் நடுவில் நிற்பவள் பெரும்பாலும் ஒரு பெண். ஆயுதம் பிடிப்பாள், சொந்தமாகச் சம்பாதிப்பாள், யாரோடு உறவு, யாரோடு இல்லை என்பதைத் தானே முடிவு செய்வாள். தொழிலாளிக்கும் மோகினிக்கும் நடுவே கதைகள் எழுப்பிய சுவரை இவள் இடித்துவிட்டாள் என்று பாராட்டுகிறார்கள். என் கணக்கில் அந்தப் பாராட்டு பாதிதான் செல்லும். ஆற்றலை எழுத்தாளர்கள் அவளுக்குத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஆசையைக் கொடுக்கும்போது மட்டும் கை நடுங்குகிறது. உடனே ஒரு சாக்கைத் தேடுகிறார்கள். சாபம், ஆவேசம், முற்பிறவி, மந்திரம் என்று எதையாவது கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவளாக விரும்பினாள் என்று நேராக எழுதியவர்கள் குறைவு.

பலசாலிப் பெண் நமக்குப் புதியவள் இல்லை. மதுரையை எரித்தவள் ஒரு வணிகன் மனைவி. 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, கேப்டன் லட்சுமியின் தலைமையில் துப்பாக்கி பிடித்தவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் பலர். ஆகவே நாயகியின் கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, பார் எவ்வளவு வலிமையானவள் என்று காட்டினால் தமிழ் வாசகர் மலைத்துவிடப்போவதில்லை. அந்த வலிமைக்கு அவள் எதை விலையாகக் கொடுத்தாள் என்றுதான் கேட்க வேண்டும். நம் மரபில் அந்த விலை பெரும்பாலும் ஆசை. கண்ணகிக்கு ஆற்றல் கற்பிலிருந்து வருகிறது, மணிமேகலைக்குத் துறவிலிருந்து, பேயான பழையனூர் நீலிக்கு மரணத்திலிருந்து. கணவன் விலகிப்போனபின் காரைக்கால் அம்மையார் தன் அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். அவர் பாடிய திருவாலங்காடும் நீலி கதை நடந்த பழையனூரும் அடுத்தடுத்த ஊர்கள் என்பதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

தமிழின் முதல் நகர மிகுபுனைவு நாயகி யார் என்று கேட்டால் மணிமேகலையைத்தான் சொல்வேன். புகார் என்ற ஒரு பெருநகரம், அதன் தெருக்கள், சிறைக்கோட்டம். நடுவே வேற்றுருக் கொள்ளவும் வானில் பறக்கவும் பசியின்றி இருக்கவும் மூன்று மந்திரங்களைப் பெற்ற ஒரு பெண். இளவரசன் உதயகுமரன் பக்கம் அவள் மனம் போகிறது. காப்பியத்தை எழுதிய சாத்தனார் இதை மறைக்கவில்லை, அது அவர் பெருமை. ஆனால் கூடவே ஒரு விளக்கம் வந்துவிடுகிறது: முற்பிறவியில் அவள் இலக்குமி, அவன் அவள் கணவன் இராகுலன். ஆசை அவளுடையதாக இல்லாமல் பழைய பிறவியின் பாக்கியாகிவிடுகிறது. அவனைத் தவிர்க்கக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனனோ, தன் மனைவிதான் இளவரசனோடு பேசுகிறாள் என்று எண்ணி அவனை வெட்டிச் சாய்க்கிறான். மந்திரத்தால் இன்னொரு உடலுக்குள் புகுந்தாலும், அந்த உடலுக்கும் ஒரு கணவன் வாளோடு காத்திருக்கிறான்! இதைவிடக் கூர்மையாக இந்தச் சிக்கலை இன்றைய நாவல்களும் சொல்லிவிடவில்லை.

பழையனூர் நீலி பேயாக வந்து வணிகனைப் பழிவாங்கும்போதும், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் இவன் மனைவி என்றுதான் ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். சபையில் இருந்த எழுபது வேளாளரும் மனைவியின் குரலுக்குத்தான் செவிசாய்க்கிறார்கள். பேயானபின்னும் பேச அவளுக்கு மனைவி வேடம் தேவைப்பட்டது.

இங்கே நாம் வாழும் மண்ணிலும் அந்த வேடம் உண்டு. மலாய்க் கதைகளில் பிரசவத்தில் இறந்தவள் பொந்தியானாக் என்ற பேயாவாள். பிடரியில் ஓர் ஆணி அடித்தால் அழகான, அடக்கமான மனைவியாகிவிடுவாள். ஆணியைப் பிடுங்கினால் பழையபடி பறப்பாள். கேரளத்தின் 'ஐதிஹ்யமாலை'யிலும் கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் யட்சியின் தலையில் இரும்பாணி அடித்து அவளை வீட்டு வேலைக்காரியாக்குகிறார். ஒரு கிழவி அதைக் கண்டு பிடுங்கிவிட, அவள் தப்புகிறாள். 1957இல் காத்தே-கெரிஸ் நிறுவனத்துக்கு 'பொந்தியானாக்' படத்தை, மரியா மெனாடோவை நாயகியாக வைத்து இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். இரண்டு கரையின் கதை மரபுகளும் அப்படி ஒருவரிடம் சந்தித்துக்கொண்டன.

யட்சியின் தலையிலிருந்து அந்த ஆணியைப் பிடுங்கிக் காட்டிய அண்மைக் காலப் படம் 'லோகா'. 2025 ஆகஸ்ட்டில் வந்த இந்த மலையாளப் படத்தில், டொமினிக் அருண் கேரளக் கதைகளின் யட்சியான கள்ளியங்காட்டு நீலியை இன்றைய பெங்களூருக்குக் கொண்டுவந்து, கல்யாணி பிரியதர்ஷனைச் சந்திராவாக உலவ விட்டார். இதன் பலம் பெரிது. நீலி இங்கே யாருடைய மனைவியும் இல்லை, கைவிடப்பட்ட காதலியும் இல்லை. ஒடுக்கப்பட்ட தன் மக்களுக்கு அரசன் இழைத்த கொடுமையிலிருந்து அவள் கதை தொடங்குகிறது. கத்தனாரும் அவளை அடக்குபவராக வராமல் துணையாக வருகிறார். குறையும் அங்கேயேதான். அவளுக்கு என்ன பிடிக்கும், யாரைப் பிடிக்கும் என்பதைப் படம் ஏறக்குறைய பேசவே இல்லை. காதல் பெரும்பாலும் எதிர்வீட்டு சன்னியின் கண் வழியாகவே நடக்கிறது. அவன் பார்க்கிறான், அவள் பார்க்கப்படுகிறாள். அவள் ஆசைப்படாமல் இருப்பது குற்றமில்லை. வேண்டாம் என்பதும் சுதந்திரம்தான். ஆனால் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்ததாகப் படம் காட்டவில்லை, அந்தக் கேள்வியே எழாமல் பார்த்துக்கொண்டது. நூற்றாண்டுகளாக வாழும் ஒருத்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது, பழைய பேரத்தைப் புதிய உடையில் தொடர்வதுதான்.

மேற்கில் சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. லாரல் கே. ஹாமில்டனின் அனிடா பிளேக் வரிசை 1993இல் தொடங்கியது. செத்தவர்களை எழுப்புவது அவள் தொழில், ரத்தக்காட்டேரிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றும் உரிமமும் அவளிடம் உண்டு. முதல் சில நாவல்களில் உறவுக்கு அவள் எளிதில் இசையவில்லை. அந்தத் தயக்கத்தில் ஒரு மனுஷி தெரிந்தாள். 2001இல் வந்த பத்தாவது நாவலில் அவளுக்குள் ஒரு மாயப் பசி புகுகிறது. உடலுறவால் மட்டுமே அது தணியும். அதன்பின் அவளுக்குப் பல காதலர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடப் பாலியல் சுதந்திரம் கிடையாது. கூர்ந்து பார்த்தால் அவள் தேர்ந்தெடுப்பது குறைந்துகொண்டே போகிறது. பசி கேட்கிறது, உடல் கொடுக்கிறது. சாத்தனார் முற்பிறவியின் கணக்கில் எழுதியதை ஹாமில்டன் மாயப் பசியின் கணக்கில் எழுதினார். காட்சிகள் துணிச்சலானவை, காரணம் கோழைத்தனமானது.

அதே கருவியை வேறுவிதமாகப் பயன்படுத்தியவர் பட்ரீஷியா பிரிக்ஸ். 2006இல் தொடங்கிய அவருடைய வரிசையின் நாயகி மெர்சி தாம்ப்சன், கொயோட்டி என்ற சிறு ஓநாயாக உருமாறக்கூடியவள், கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துபவள். 2008இல் வந்த மூன்றாம் நாவலில் ஒரு மாயக் கிண்ணம் அவள் இசைவைப் பறிக்கிறது. பிரிக்ஸ் அதைக் கவர்ச்சியாக்காமல் குற்றம் என்றே எழுதினார். அதன் காயத்தை அடுத்த நாவலுக்கும் எடுத்துச் சென்றார். மாயம் ஒரு பெண்ணின் விருப்பத்தை மாற்றும்போது ஆசிரியர் யார் பக்கம் நிற்கிறார் என்பதில்தான் இந்தக் கதைவகையின் தரம் தெரியும். ஆவேசத்தையும் வசியத்தையும் வைத்துத்தான், இசைவு என்றால் என்ன என்பதை யதார்த்தக் கதையைவிட வெளிப்படையாகக் காட்ட முடியும். இந்தக் கதைவகையின் மெய்யான பலம் அது.

மலேசிய எழுத்தாளர்களில் இதை நன்றாகக் கையாண்டவர் சென் சோ. 2021இல் வந்த 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' நாவலில், அமெரிக்காவிலிருந்து பினாங்கு திரும்பும் ஜெஸ் என்ற பெண்ணின் உடலுக்குள் செத்துப்போன பாட்டி புகுந்துகொள்கிறாள். ஜெஸ்ஸுக்கு ஷரண்யா என்ற காதலி உண்டு, வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆவியும் குடும்பமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. இரண்டும் அவள் உடல் தங்களுடையது என்று நினைக்கின்றன. இங்கே ஆவி ஆசைக்குச் சாக்காகவில்லை, ஆசைக்குத் தடையாக வருகிறது. ஜெஸ்ஸின் காதலுக்கு எந்த மாயக் காரணமும் கொடுக்காததே சென் சோவின் வெற்றி. ஒரு குறை உண்டு. அந்தக் காதல் பெரும்பாலும் தொலைபேசியிலேயே நடப்பதால், ஷரண்யா ஒரு குரலாக நின்றுவிடுகிறாள்.

மலேசியத் தமிழில் இந்தக் கதைவகைக்கு அருகில் வருவது ம. நவீன் 2021இல் எழுதிய 'சிகண்டி'. கோலாலம்பூரின் சௌகிட், திருநங்கையர், அவர்கள் வழிபடும் தெய்வம் என்று நகரமும் அமானுடமும் கலந்த களம். உடலைப் பற்றி அச்சமின்றிப் பேசும் நாவல், ஆனால் அதை இழுத்துச் செல்வது ஓர் ஆணின் தேடல். பெண்ணின் அல்லது திருநங்கையின் விருப்பம் தானே கதையை நடத்திச் செல்லும் நாவல் இன்னும் நமக்கு மிச்சமிருக்கிறது.

பாலியல் சுதந்திரம் நம் பண்பாட்டுக்கு ஒட்டாத இறக்குமதிச் சரக்கு என்பார்கள். வெள்ளிவீதியாரும் ஆண்டாளும் ஆசையை எழுதிய மொழியில் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். மலாக்கா மண்ணின் கதையிலேயே ஒருத்தி இருக்கிறாள். சுல்தான் மஹ்முட் பெண் கேட்டு ஆளனுப்பியபோது, லேடாங் மலை இளவரசி பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள், ஏழு தட்டுக் கொசு இதயம், கடைசியாக அரசனின் ரத்தமும் அவன் மகனின் ரத்தமும் கேட்டாள். சாகாமலும் சாபமிடாமலும் ஓர் அரசனை மறுத்தவள் அவள். 2004இல் வந்த படம் அவளுக்கு மலாக்கா வீரன் ஹங் துவா மீது காதலைக் கொடுத்தது. கொடுத்த கையோடு பிரிவையும் கொடுத்தது.

எளிதில் கண்ணில் படாத ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாயகிகளில் பலர் தனிமரமாக நிற்கிறார்கள். தோழி இல்லை, வாடகை பற்றிய கவலை இல்லை. சுதந்திரத்துக்கு அடியில் சம்பளம் இருக்கிறது என்பதைத் தோட்டத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசு குறைந்தாலும், கூலி அவள் பேரில் இருந்தது. அவள் பேத்தி இன்று தாமான் வீட்டில் அறை எடுத்து, தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வருகிறாள். தோட்டத்தோடு பெயர்ந்து வந்த முனியாண்டியும் காளியும் அந்தத் தாமானின் ஓரத்தில் எங்கோ இருக்கிறார்கள். அலோர் காஜாவில் எழுதுகிறவருக்கு நகர மிகுபுனைவின் பொருள் முழுவதும் வாசலிலேயே கிடக்கிறது.

எழுதினால் வம்பு வரும் என்ற பயம் நியாயமானது. நவீனின் 'பேய்ச்சி' நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின்கீழ் தடை செய்தது. அதற்குமுன் தமிழ்ச் சமூகத்துக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தது. வெளிப்படையான வருணனைக்கு இங்கே என்ன விலை என்று அந்தத் தடை காட்டிவிட்டது. அந்த விலையை எல்லா எழுத்தாளரும் கொடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆசையை எழுதுவதும் படுக்கையை வருணிப்பதும் ஒன்றல்ல. ஹாமில்டன் பக்கம் பக்கமாக வருணித்தும் நாயகியின் விருப்பத்தைத் தொலைத்தார். சென் சோ வருணிக்காமலே அதைக் காப்பாற்றினார். ஒரு கதையைச் சோதிக்க ஒரு வழி உண்டு: மந்திரத்தையும் சாபத்தையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் அவள் அவனை, அல்லது அவளை, விரும்புகிறாளா? மறுநாள் மனம் மாறினால் கதை அவளைத் தண்டிக்காமல் விடுகிறதா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று பதில் தரும் நாவலை எழுத ஒரு தடைசெய்யத்தக்க வரிகூடத் தேவையில்லை. ஆகவே சட்டத்தைக் காட்டி ஒதுங்குவதும், என் பார்வையில், இன்னொரு சாக்குதான்.