பயோஃபீட்பேக்: கண்ணாடியா, மருந்தா?

விரலில் சென்சார், எதிரே திரை. பதற்றம் ஏறினால் துடிப்புக் கோடு தாறுமாறாகும். மூச்சை நிதானமாக விட்டால் சீராகும். பயோஃபீட்பேக் அவ்வளவுதான். உடம்புக்கு ஒரு கண்ணாடி. அழுக்கைக் காட்டும், கழுவுறது நம்ம வேலை.

தலைவலிக்கு நல்ல சான்று இருக்கு. பதற்றத்துக்கும் துணைச் சிகிச்சையா உதவுது. தன் இறுக்கம் தனக்கே தெரியாதவருக்கு அந்தக் கோடு பெரிய உபகாரம். ஆனா, குழந்தைகளின் கவனக்குறைவுக்கு விற்கிற நியூரோஃபீட்பேக்? 2016-ல் கோர்டீஸே குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிகிச்சை நடப்பது தெரிந்த பெற்றோர் முன்னேற்றம் கண்டார்கள். பெரும்பாலும் அது தெரியாமல் மதிப்பிட்டவர்கள் காணவில்லை. மிச்சமிருப்பது நம்பிக்கையும் பில்லும்தானோ?

பதற்றத்துக்குக் கருவி சொல்லித்தருவது பெரும்பாலும் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஜெபமாலையோ மந்திரமோ சொன்னாலும் மூச்சு அந்த ஆறுக்கே வருவதை 2001-ல் பெர்னார்டி குழு அளந்து காட்டியது. அதைப் பழக குன்றக்குடியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையும் கடிகாரமும் போதும்.

அதுக்காக மூச்சே மருந்துன்னும் ஆகிடாது. தூக்கம் போய், வாழ்க்கையே வெறுத்துப்போனவருக்குத் தேவை மனநல டாக்டர். உடனே பேச, 14416 இலவசம். மெஷினுக்குக் காசு சேரட்டும்னு காத்திருக்காதீங்க.