ஏட்டில் தொடங்கிய நன்றி

பனையோலையை இடக்கையில் தாங்கி, எழுத்தாணி எனப்படும் கூரிய இரும்பு முனையால் எழுத்துகளைக் கீறிச் செல்வது பழந்தமிழ்க் கல்வியின் அன்றாடப் பயிற்சியாக இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுட்களை மனத்திலேயே யாத்து வாயால் சொல்லச் சொல்ல, மாணவர் அவற்றை ஏட்டில் எழுதினர். சொல் பிறக்கும் கணத்திலேயே யாப்பையும் பொருளையும் உணர்ந்து கொள்ளும் அரிய பாடமாக அவ்வெழுத்துப்பணி அமைந்தது.

அவருடைய மாணவரான தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பணி 1880இல் மற்றொரு மாணவரான உ.வே. சாமிநாதையருக்குக் கிடைக்கத் துணைநின்றார். அந்நன்றியை மறவாத சாமிநாதையர், சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயரிட்டதோடு, தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னர், முதுமையிலும் தளராது அவரது வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். சாமிநாதையரிடம் பயின்ற கி.வா. ஜகந்நாதன் 'கலைமகள்' இதழாசிரியராக விளங்கி அத்தமிழைப் பொதுவாசகரிடம் சேர்த்தார்.

ஓலை காலத்தால் செல்லரித்துப் போகலாம். ஆயினும் ஆசிரியர் ஒருவர் ஊன்றிய தமிழ், மாணவர் வழியே தலைமுறைதோறும் தழைத்து நிற்கும் என்பதற்கு இம்மரபே சான்றாகும்.